காலைச் சோதித்தோம், எழுத்தைச் சோதிக்கவில்லை

நீளமான பதிவு. ஆரம்பப் பிரிவில் பிள்ளை படிக்கும் உம்மா வாப்பாமாரும், என்னைப் போல ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் ஆசிரியர்களும் கடைசி வரை வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொஞ்சக் காலமாக எங்கள் பக்க வாட்சப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. பிள்ளை வாசிக்கத் தடுமாறுகிறதா, எழுத்தைத் திருப்பி எழுதுகிறதா, ஓரிடத்தில் இருக்க மாட்டேன் என்கிறதா என்று கேட்கிறார்கள். மூளையின் வலது பக்கமும் இடது பக்கமும் இணையாததுதான் காரணம் என்கிறார்கள். தாளத்துக்கு உடலை ஆட்டுவது, சமநிலைப் பலகையில் நிற்பது, வலது முழங்கையால் இடது முழங்காலைத் தொடுவது, இப்படிச் சில பயிற்சிகளை 12 வாரம் செய்தால் பிள்ளை தானாக வாசிக்கத் தொடங்கிவிடுமாம். கீழே ஒரு தொலைபேசி இலக்கம். கட்டணத்தைத் தனியாகக் கேட்க வேண்டும்.

நான் இதற்கு எதிராகத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் என் குற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். நானும் இதை நம்பியவள். நம்பியதோடு நிற்காமல் ஒரு தாயையும் அங்கே அனுப்பியவள்.

ஒருநாள் செயலமர்வு ஒன்றுக்குப் போனேன். மூளையின் வண்ணப் படங்கள், நல்ல பேச்சு, பகல் சாப்பாடு, கடைசியில் சான்றிதழ். ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் படித்த எனக்கு, அந்த ஆறு மணித்தியாலத்தில் புதிய உலகமே திறந்த மாதிரி இருந்தது. அடுத்த நாளே வகுப்பில் தொடங்கினேன். காலையில் 10 நிமிடம் பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, கைகாலை மாற்றி மாற்றித் தொட வைத்தேன். காற்றில் படுத்த எட்டு வரைய வைத்தேன். பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோசம். சத்தமும் குறைந்தது. அதிபர் வந்து பார்த்துவிட்டு மற்ற ஆசிரியர்களுக்கும் சொன்னார். நான் மிதந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த உம்மா வந்தார். மகன் தரம் 3இல் என் வகுப்பில். வீட்டில் தையல் மெஷின் ஓடினால்தான் அடுப்பு எரியும்.

"டீச்சர், இவன் ஓதப் பள்ளியில குர்ஆன் பார்த்து ஓதுறான். பள்ளிக்கூடப் புத்தகத்தக் குடுத்தா மட்டும் ஒரு வரி வாசிக்கிறான் இல்ல. என்ன செய்யிற?"

அந்தக் கேள்விக்குள்ளேயே பதில் இருந்தது. எனக்கு விளங்கவில்லை. செயலமர்வில் கேட்டதை அப்படியே ஒப்புவித்து, "ராத்தா, டவுனில் ஒரு இடம் இருக்கு, கூட்டிப் போய்க் காட்டுங்க" என்றேன். அவர் ஒரு காப்பை அடகு வைத்துப் போனார். மூன்று மாதம், கிழமைக்கு இரண்டு நாள். பஸ் காசு வேறு.

மூன்று மாதம் முடிந்து பையன் வந்தான். ஒற்றைக் காலில் ஒரு நிமிடம் ஆடாமல் நின்று காட்டினான். எல்லோரும் கைதட்டினோம். புத்தகத்தைத் திறந்து "கொக்கு" என்ற சொல்லைக் காட்டினேன். வாசிக்கத் தெரியவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த கிழமை அவன் ஓதும் இடத்துக்குப் போய் மௌலவியிடம் கேட்டேன், இவனுக்கு எப்படி ஓதப் பழக்கினீர்கள் என்று. அவர் சிரித்தார்.

"நான் புதுசா ஒண்டும் செய்யல்ல டீச்சர். இவன் தேயையும் ஸேயையும் ஒண்டாத்தான் சொல்லுவான். அது ரெண்டும் வேற வேறயா வாற வரைக்கும் நான் அடுத்த பாடம் குடுக்கல்ல. ரெண்டு கிழமை போச்சு. அவ்வளவுதான்."

அன்றுதான் எனக்குக் கண் திறந்தது. ஓதப் பள்ளியில் பிள்ளைகள் உடலை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டித்தான் ஓதுவார்கள். நாங்கள் எல்லோரும் அப்படி ஓதியவர்கள்தான். ஆனால் அந்த ஆட்டம் யாருக்கும் அலிஃப் கற்றுத்தரவில்லை. கற்றுத்தந்தது கைதா. ஒரு எழுத்து, அதன் ஓசை, அது பிறக்கும் இடம், பிறகு ஸபர், ஸேர், பேஷ், பிறகு இரண்டு எழுத்தைச் சேர்ப்பது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக முன்னால் கூப்பிட்டுப் பாடம் கேட்பது. பிழைத்தால் அதே இடத்தில் திருத்துவது. சரியான பிறகுதான் அடுத்த பக்கம். வாசிப்பு ஆய்வாளர்கள் இன்றைக்கு "எழுத்தையும் ஓசையையும் ஒழுங்குமுறையாக, நேரடியாகக் கற்பியுங்கள்" என்று சொல்வதும் இதைத்தான்.

திரும்பி வந்து பையனை மேசையில் இருத்தி, எழுத்து அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் குறித்துக்கொண்டேன். 20 நிமிடம்தான் எடுத்தது. உயிரெழுத்து தெரியும். க, கா, கி, கீ வரைக்கும் பரவாயில்லை. கெ, கே, கை, கொ, கோ, கௌ வந்தால் எல்லாம் ஒன்று. எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பைப் பார்த்தால் திகைத்துப் போகிறான். கொக்கு எப்படி வாசிப்பான்? அவன் தரம் 1இல் இருக்க வேண்டிய காலம் கொரோனாவில் பாடசாலைகள் பூட்டிக் கிடந்த காலம். அடுத்தது பெற்றோல் வரிசைக் காலம். அந்தப் பாடங்கள் அவனுக்கு நடக்கவே இல்லை. அவ்வளவுதான் நோய்.

நான் அவனுடைய காலைச் சோதித்தேன். கையைச் சோதித்தேன். மூளையின் வலது இடது என்று கதைத்தேன். எழுத்தைச் சோதிக்கவில்லை. வாசிக்கப் படிப்பிக்கத்தான் எனக்கு அரசாங்கம் சம்பளம் தருகிறது.

இனி விசயத்துக்கு வருகிறேன். உணர்ச்சிக்காக மட்டும் எதிர்க்கவில்லை. தேடி வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இந்தப் பயிற்சிகளில் அதிகம் பரவியது "பிரெய்ன் ஜிம்". 1980களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் போல் டெனிசன், கெயில் டெனிசன் தம்பதி உருவாக்கியது. 26 அசைவுகள். காறை எலும்புக்குக் கீழே விரலால் தேய்த்தால் மூளைக்கு இரத்தம் கூடப் போகும் என்பது அதில் ஒன்று. மூளைக்குப் போகும் இரத்தத்தை உடம்பு தானாகவே ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. நெஞ்சுக்கு மேலே தேய்த்து அதைக் கூட்ட முடியாது. கையும் காலும் குறுக்கே போனால் மூளையின் இரண்டு பாதியும் இணையும் என்பது இன்னொன்று. அந்த இரண்டு பாதியையும் சுமார் 20 கோடி நரம்பிழைகள் ஏற்கெனவே இணைத்து வைத்திருக்கின்றன. படைத்தவன் இணைத்துத்தான் அனுப்பியிருக்கிறான். அந்தப் பிள்ளை நடந்து வகுப்புக்கு வந்ததே இரண்டு பாதியும் சேர்ந்து வேலை செய்ததால்தான்.

2007இல் கீத் ஹயட் என்ற கல்வியியலாளர் இந்த முறைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார். அந்தக் கோட்பாடும் நிற்கவில்லை, பலன் தரும் என்பதற்கு ஒழுங்கான ஆய்வும் இல்லை என்றே எழுதினார். 2010இல் வேறு மூவர் பார்த்தார்கள். அதே முடிவு. 2008இல் பிரித்தானியாவில் விஞ்ஞான அமைப்புகள் சேர்ந்து, இதன் விஞ்ஞான விளக்கங்கள் பிழை என்று கல்வி அதிகாரசபைகளுக்கு அறிவித்தன. அங்கே கைவிடச் சொன்ன சரக்கு, பல வருடம் கழித்து இங்கே புதிதாக வந்து இறங்குகிறது.

இது முதல் தடவையும் இல்லை. 1960களில் அமெரிக்காவில் டோமன், டெலகாட்டோ இருவரின் முறை பிரபலமானது. பிள்ளை ஒழுங்காகத் தவழாததால்தான் மூளை வளரவில்லை, ஆகவே திரும்பத் தவழ விடுங்கள் என்றார்கள். பெற்றோர் நாள் முழுக்கப் பிள்ளையின் கைகாலைப் பிடித்து அசைத்தார்கள். 1982இலும் பிறகு 1999இலும் அமெரிக்கச் சிறுவர் மருத்துவர் சங்கம் இதற்கு எதிராக அறிக்கை விட்டது. பலனுக்கு ஆதாரம் இல்லை, குடும்பத்துக்குத்தான் பாரம் என்றது. பிறகு பிரித்தானியாவில் டோர் என்ற தொழிலதிபர், சிறுமூளையைப் பயிற்றினால் வாசிப்புச் சிரமம் தீரும் என்று சமநிலைப் பயிற்சி நிலையங்களைத் திறந்தார். தன் மகளின் சிரமத்தைப் பார்த்துத் தொடங்கியவர், அந்த நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 2008இல் கம்பனி விழுந்தது. பணம் கட்டிய பெற்றோர் நடுவழியில் நின்றார்கள்.

சிலர் கேட்பார்கள், எல்லாம் பொய் என்கிறீர்களா, ஆய்வு இருக்கிறதே என்று. இருக்கிறது. மறைக்க மாட்டேன். 2000ஆம் ஆண்டில் 'லான்செற்' மருத்துவ இதழில் பெல்ஃபாஸ்ட்டில் செய்த ஆய்வு ஒன்று வந்தது. குழந்தைப் பருவத்து அனிச்சைச் செயல்களை ஒத்த அசைவுகளை ஒரு வருடம் செய்த பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது என்றது. "அனிச்சைச் செயல் மிஞ்சியிருக்கிறது" என்று விளம்பரம் போடுபவர்கள் எல்லோரும் பிடித்துத் தொங்குவது இதில்தான். அந்த ஆய்வில் இருந்த பிள்ளைகள் மொத்தம் 60. மூன்று குழு. குழுவுக்கு 20 பேர். ஒரு தரம் 3 வகுப்பில் இருக்கும் பிள்ளைகளைவிடக் குறைவு. அது "இன்னும் தேடிப் பாருங்கள்" என்று சொல்வதற்குப் போதுமான ஆய்வுதான். ஒரு தையல்காரத் தாயின் காப்பை வாங்குவதற்குப் போதாது.

"எங்கட பிள்ளைக்கு நல்லாகியதே" என்பவர்களும் உண்டு. நல்லாகியிருக்கலாம். சந்தோசம். ஆனால் அந்த மூன்று மாதத்தில் வேறு என்ன நடந்தது என்றும் பாருங்கள். பிள்ளைக்கு மூன்று மாதம் வயது கூடியது. பாடசாலையில் பாடம் நடந்தது. கிழமைக்கு இரண்டு நாள் ஒரு பெரிய ஆள் அவனை மட்டும் பார்த்து, சிரித்து, "நல்லாச் செய்தாய்" என்று சொன்னார். வீட்டில் அடியும் ஏச்சும் குறைந்தது. இதில் எது மருந்து? பலகையா? நல்ல வார்த்தைக்குக் காசு எதற்கு?

இந்த நம்பிக்கையில் எங்கள் நாட்டு ஆசிரியர்கள் மட்டும் ஏமாறவில்லை. 2012இல் பிரித்தானியாவிலும் நெதர்லாந்திலும் ஆசிரியர்களிடம் கேட்டபோது, நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் சிறிய உடற்பயிற்சிகள் மூளையின் இரு பாதியையும் இணைக்கும் என்றே நம்பியிருந்தார்கள். எனக்கு அதில் ஆறுதல் இல்லை. எங்கள் எல்லோருக்கும் பாடம்தான் இருக்கிறது. மூளைப் படத்தைக் கண்டால் நாங்கள் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறோம்.

இப்போது அடுத்த பக்கத்தைச் சொல்கிறேன். இதை வாசித்துவிட்டு "டீச்சரே சொல்லிட்டா, ஆட்டமும் ஓட்டமும் வேண்டாம், உட்கார்ந்து படி" என்று யாரும் பிள்ளையை மேசையில் கட்டக்கூடாது. அப்படிச் செய்தால் இந்தப் பதிவு எழுதியதே பாவம்.

பிள்ளைக்கு அசைவு வேண்டும். 5 வயது முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிடம் நல்ல உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். எலும்புக்கு, இதயத்துக்கு, நித்திரைக்கு, மனதுக்கு. பாடத்துக்கும் உதவும், ஆனால் எப்படி உதவும் என்பதில்தான் விசயம் இருக்கிறது. நெதர்லாந்தில் 12 ஆரம்பப் பாடசாலைகளில் 499 பிள்ளைகளுடன் இரண்டு வருடம் ஒரு ஆய்வு நடந்தது. கணக்கையும் சொல்லையும் துள்ளித் துள்ளிப் படித்தார்கள். விடை எத்தனையோ அத்தனை துள்ளல், எழுத்துக்கு ஒரு துள்ளல். கணிதத்திலும் எழுத்துக்கூட்டலிலும் மற்றப் பிள்ளைகளைவிட ஏறக்குறைய நான்கு மாதப் படிப்பு முன்னே நின்றார்கள். வாசிப்பில் வித்தியாசம் வரவில்லை, அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகள் துள்ளியபோது பாடம் துள்ளலுக்குள்ளே இருந்தது. பாடத்தை விட்டுவிட்டுத் துள்ளவில்லை. விளம்பரக்காரர் செய்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

தாளமும் அப்படித்தான். சொல்லைத் துண்டு துண்டாகக் கேட்பதற்கும் தாளத்தை உணர்வதற்கும் தொடர்பு இருக்கிறது என்று கேம்பிரிட்ஜில் உஷா கோஸ்வாமி போன்றவர்கள் நீண்ட காலமாக ஆய்வு செய்கிறார்கள். அதற்கு வகுப்பில் ஒரு சதமும் செலவில்லை. "பள்-ளி-வா-சல்" என்று சொல்லி நான்கு தட்டு. "பட்-டம்" இரண்டு தட்டு. முதல் தட்டில் என்ன ஓசை, கடைசித் தட்டில் என்ன ஓசை என்று கேளுங்கள். எங்கள் ஊர்களில் பொல்லடி இருக்கிறது, களிகம்பு இருக்கிறது, றபான் இருக்கிறது. எட்டுக்கோடும் கிளித்தட்டும் இருக்கின்றன. எட்டுக்கோட்டின் கட்டங்களில் கெ, கே, கொ, கோ எழுதி, சொல்லிச் சொல்லித் துள்ள விட்டேன். அந்தப் பையனுக்குத்தான் முதலில் செய்தேன்.

ஆனால் இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இந்த விளையாட்டை எல்லாம் பிள்ளைகளிடம் இருந்து பறித்தது யார்? நாங்கள்தான்.

1990களின் கடைசியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தில் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை மூன்றும் கற்பிக்கும் வழிகள் என்றே இருக்கிறது. தரம் 1இல் விளையாட்டுக்குத்தான் கூடிய இடம். இப்போது எத்தனை வகுப்பில் அது நடக்கிறது? தரம் 3இலேயே புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் தொடங்கிவிடுகிறது. விளையாட்டுப் பாடவேளையைக் கணிதத்துக்கு எடுக்கிறோம். இடைவேளையில் ஓடினால் விழுந்துவிடுவான் என்று இருத்தி வைக்கிறோம். பாடசாலை விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் ஓதல், பிறகு போன். பிள்ளை ஓரிடத்தில் இருக்காமல் நெளிந்தால் அவனுக்கு வருத்தம் என்கிறோம். பிறகு டவுனில் ஒரு அறைக்குள் கூட்டிப் போய், காசு கட்டி, 45 நிமிடம் துள்ள விடுகிறோம்.

முற்றத்தில் சும்மா கிடந்ததைப் பூட்டிவிட்டுக் கடையில் வாங்குகிறோம். விற்பவனை மட்டும் ஏசி என்ன பயன்?

உம்மா வாப்பாமாருக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளை வாசிக்கவில்லை என்றால் முதலில் வகுப்பாசிரியரிடம் போய், "என்ட பிள்ளைக்கு எந்தெந்த எழுத்துத் தெரியாது?" என்று கேளுங்கள். "கவனம் இல்லை", "சோம்பேறி" என்று பதில் வந்தால் விடாதீர்கள். பட்டியல் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

இரண்டாவது, கண்ணையும் காதையும் காட்டுங்கள். தரம் 1, 4, 7, 10இல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையால் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும். அன்றைக்குப் பிள்ளையை மறிக்காமல் அனுப்புங்கள். தவறிவிட்டால் அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், காசு இல்லை.

மூன்றாவது, நடப்பதில், விழுவதில், பென்சில் பிடிப்பதில், உடுப்புப் போடுவதில் சிரமம் என்றால் அதற்கு வைத்தியர் அனுப்பும் இயன்மருத்துவரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது வேறு. கைகாலுக்கு வந்த சிரமத்துக்குக் கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதை இந்த விளம்பரத்தோடு சேர்த்துக் குழப்பாதீர்கள்.

நான்காவது, யாராவது பணம் கேட்டால் ஒரு கேள்வி கேளுங்கள். "மூன்று மாதத்தில் என்ட பிள்ளை எந்தப் பக்கத்தை வாசிப்பான்? வாசிக்காவிட்டால் காசைத் திருப்பித் தருவீங்களா?" பதிலைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சக ஆசிரியர்களுக்கு: காலையில் 10 நிமிடம் பிள்ளைகளை ஆட விடுங்கள், பாட விடுங்கள். நானும் இன்னும் விடுகிறேன். மகிழ்ச்சிக்காக என்று சொல்லி விடுங்கள். மூளை இணைகிறது என்று பெற்றோருக்குச் சொல்லாதீர்கள். எங்கள் வாயில் இருந்து வரும் சொல்லுக்கு ஊரில் எடை இருக்கிறது. அந்தச் சொல்லை நம்பித்தான் ஒரு காப்பு அடகுக்குப் போனது.

அதிபர்மாருக்கு: விளையாட்டுப் பாடவேளையைத் திருப்பித் தாருங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். பாடசாலை விட்டபின் நாளுக்கு 20 நிமிடம் இருத்தினேன். மௌலவியின் முறைதான். ஒரு கொம்பு சரியாகும் வரை அடுத்த கொம்பு இல்லை. அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. சில நாள் அழுதான், சில நாள் நான் களைத்துப் போனேன். தரம் 3 முடியும்போது ஒரு பக்கத்தை மெதுவாக, விரலை வைத்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தான். இன்னும் ண, ன, ல, ள தடுமாறும். அல்ஹம்துலில்லாஹ், இப்போது புத்தகத்தைக் கண்டு ஒளிப்பதில்லை.

உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க டீச்சர்" என்றார். அந்தக் காப்பு இன்னும் மீளவில்லை.

நல்லதுக்குத்தான் சொன்னேன். அது போதாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். ஆரம்பப் பிரிவில் பிள்ளை இருக்கும் ஒரு வீட்டுக்காவது இதை அனுப்பிவையுங்கள்.